ஒரு தட்டு என்றால் நில்

அந்த ஹாக்கி ஃபைனல் அன்றைக்கு எங்கள் கோல் பக்கம் இருந்தவர்கள் மொத்தம் ஏழு பேர். கோல்கீப்பர். வலது பேக்காக நான். இடது பேக்காக ஒரு பங்காருப்பேட்டைப் பையன், எங்களைவிட ஆறேழு வயது சின்னவன். பந்தைத் துரத்தி வந்த எதிரணி ஃபார்வர்ட், கோயம்புத்தூர்க்காரர். அந்தப் பாதி மைதானத்து அம்பயர். கோலுக்குப் பின்னால் பத்தடி தள்ளி, மரத்தடியில் டீ விற்றுக்கொண்டிருந்த அக்கா. அவருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த எங்கள் டீம் மேனேஜர். மற்ற பதினெட்டு ஆட்டக்காரர்களும் இன்னொரு அம்பயரும் மைதானத்தின் நடுவிலும் அதற்கு அப்பாலும் இருந்தார்கள். ஜனம் இருந்தது, ஆனால் பக்கவாட்டில், கயிற்றுக்கு வெளியே, சீட்டியடித்துக்கொண்டு. அந்தச் சத்தம் கேட்டிருக்குமானால் இந்த ஏழு பேருக்குத்தான் கேட்டிருக்கும்.

ஏழில் என்னைக் கழித்தால் ஆறு. பதினோரு வருஷத்தில் ஐந்து பேரிடம் கேட்டுவிட்டேன். கேள்வி ஒன்றே ஒன்றுதான். கீப்பர் விழுவதற்கு முன்னால் கோல் தகரத்தில் ஒரு தட்டு கேட்டதா? கேட்டது என்றால் யார் தட்டினது? ஆறாவது ஆள் கீப்பர். அவனிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்காமலே அவனுக்கும் சேர்த்து நான் பதில் சொல்லிவிட்டேன், அன்றைக்கு மறுநாளே. அதுதான் பிரச்சினை.

தட்டு என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிட வேண்டும். கீப்பரின் அப்பா எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்து ஷாஃப்டில் மணியடிக்கிற வேலை பார்த்தவர். ஆள் ஏறி இறங்கும் கேஜுக்கு மேலேயும் கீழேயும் மணி உண்டு. ஒரு மணி என்றால் நில். இரண்டு என்றால் இறக்கு. மூன்று என்றால் உள்ளே ஆள் இருக்கிறது, பார்த்து ஓட்டு. சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டின எங்கள் லைன் வீடுகளில் பிறந்த எல்லாருக்கும் இது எண் கற்பதற்கு முன்பே தெரியும். அதிலும் ஒரு மணிக்குக் கேள்வியே கிடையாது. யார் அடித்தார்கள், எதற்கு அடித்தார்கள் என்று யோசிக்கிற நேரத்தில் ஒரு ஆள் நசுங்கிப்போவான். நின்றுவிட்டுத்தான் யோசிக்க வேண்டும்.

ஹாக்கியில் பேக்குக்கு முதுகில் கண் கிடையாது. பின்னால் நிற்கிற கீப்பர்தான் கண். மற்ற ஊர்களில் கீப்பர் கத்துவான். கத்தினால் எதிராளிக்கும் கேட்கும். அதனால் பதினைந்து வயதிலேயே அவனும் நானும் அப்பாமார்களின் மணியை எடுத்துக்கொண்டோம். கோலுக்குப் பின்னாலும் பக்கத்திலும் முழங்கால் உயரத்துக்குப் பலகை இருக்கும். எங்கள் மைதானத்தில் பலகை மக்கிப்போய்த் தகரம் அடித்திருந்தார்கள். அவன் ஸ்டிக்கால் தகரத்தில் தட்டுவான். இரண்டு தட்டினால் நான் பின்னுக்கு இறங்க வேண்டும். மூன்று தட்டினால் என் முதுகில் ஆள் இருக்கிறான். ஒரு தட்டு என்றால் நில், பந்து எனக்கு, நீ தொடாதே. வெளியூர்க்காரர்களுக்கு அவன் ஏதோ பழக்கத்தில் தட்டிக்கொண்டிருக்கிறான் என்று தோன்றும். ஒரு தடவை தார்வாடில் ஒரு கோச் எங்களிடம் வந்து, உங்க கீப்பருக்கு நரம்புத் தளர்ச்சியா என்று அக்கறையாகக் கேட்டார். அவன் சிரிக்காமல், ஆமா சார், எங்க அப்பாவுக்கும் உண்டு என்றான்.

நான் கெஸ்ட் பிளேயர். எந்த டீமுக்கும் சொந்தமில்லை. எங்காவது டோர்னமென்ட் என்றால், யாருக்காவது பேக் அடிபட்டுவிட்டால், லீவு கிடைக்கவில்லை என்றால், போன் வரும். பை எப்போதும் கட்டி வைத்திருக்கும். இரண்டு ஸ்டிக், இரண்டு ஷின்கார்டு, நாலு ஜோடி சாக்ஸ், பெரிய ஊசி, நூல், பிளாஸ்திரி, பூட்டு. பூட்டு எதற்கு என்றால், பள்ளிக்கூட வகுப்பறையில் பெஞ்சை ஒதுக்கிவிட்டுப் படுக்கச் சொல்வார்கள், பையைத் தலைக்கு வைத்து ஜிப்பில் பூட்டுப் போட்டுக்கொள்வேன். ஹுப்பள்ளி, கோவில்பட்டி, திருச்சி, செகந்திராபாத் என்று இருபத்தைந்து வருஷத்தில் எத்தனை வகுப்பறையில் தூங்கியிருப்பேன் என்று தெரியாது. படித்தது ஒன்பது வகுப்பறைதான்.

ஒன்பதாவதில் அரைப் பரீட்சை நேரத்தில் ஒரு டோர்னமென்ட் வந்தது. போய்விட்டேன். திரும்பி வந்து வாத்தியார் முகத்தைப் பார்க்கப் பயந்து ஒரு வாரம் போகவில்லை. ஒரு வாரம் போகாததால் இன்னும் பயமாகி அப்புறம் போகவே இல்லை. என் எல்லாக் காரியமும் இப்படித்தான் நடந்திருக்கிறது. பத்தாவது பாஸ் இல்லாததால் எந்த ஆபீசும் விளையாட்டுக் கோட்டாவில் என்னைச் சேர்க்க முடியவில்லை. ஆனால் ஆடக் கூப்பிடுவார்கள். சேர்க்க முடியாத ஆளை எப்படி ஆட வைப்பது? வேலையில் இருக்கிற ஒருவரின் பெயரில் ஆட வைப்பார்கள். நான் கிளார்க்காக ஆடியிருக்கிறேன், லைன்மேனாக ஆடியிருக்கிறேன், ஒரு தடவை என்னைவிடப் பதினோரு வயது மூத்த ஸ்டோர்கீப்பராக ஆடியிருக்கிறேன். சேலத்தில் சிறந்த டிஃபென்டர் என்று மைக்கில் ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள். நான் கைதட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவன் விலாவில் இடித்து, "டேய், அது நீதான்டா, எழுந்து போ" என்றான். அந்தக் கோப்பை இன்னும் என் வீட்டு அலமாரியில் வேறொருவர் பெயரோடு இருக்கிறது. என் பெண் சின்ன வயதில், இது யாருப்பா என்று கேட்பாள்.

பேக்காக நான் நன்றாகவே ஆடினேன், அதற்குக் காரணம் திறமை இல்லை, பயம். ஃபார்வர்ட் எந்தப் பக்கம் திரும்புவான், பந்து கல்லில் பட்டுத் தூக்குமோ, லேஸ் அவிழ்ந்திருக்குமோ என்று எதை எடுத்தாலும் கெட்டதை முதலில் யோசிப்பேன். வாழ்க்கையில் அது வியாதி. மைதானத்தில் அதற்குக் காசு கொடுத்தார்கள்.

கீப்பர் வேறு மாதிரி. பி.காம் முடித்தவன். எதற்கும் அலட்டிக்கொள்ளாதவன். பெனால்டி கார்னருக்கு எதிரணி வரிசை கட்டி நிற்கும்போது, "மச்சான், மத்தியானம் இன்னா சாப்பாடுன்னு பாத்தியா?" என்று கேட்பான். அந்த வருஷம் அவனுக்கு ஒரு அரசு ஆபீசில் கோட்டா வேலைக்கு டிரயல் வந்திருந்தது. ஃபைனல் முடிந்து மூன்று வாரத்தில் டிரயல். கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கல்யாணமாகி ஒரு வருஷம்.

ஃபைனல் எங்கள் ஊரிலேயே. ஒரு கான்ட்ராக்டர் நடத்தின டீமுக்கு நாங்கள் இரண்டு பேரும் கெஸ்ட். கெட்டித்த செம்மண் தரை. சுரங்கக் கழிவு கொட்டிக் குவிந்த சயனைட் மேட்டிலிருந்து காற்று வெள்ளைத் தூசியைக் கொண்டுவந்து பல்லில் நறநறவென்று போட்டுக்கொண்டிருந்தது. ஒன்றுக்கு ஒன்று. ஐந்து நிமிஷம் பாக்கி.

அவர்கள் பக்கத்திலிருந்து ஒரு நீள அடி. பந்து எங்கள் ஆட்களைத் தாண்டி நேராக எங்கள் கோல் நோக்கி வந்தது. ஃபார்வர்ட் துரத்தினார். நான் அவருக்கு இரண்டு எட்டு முன்னால் இருந்தேன். இடது பேக் அந்தப் பக்கம் தூரத்தில். பந்து எனக்குத்தான். எடுத்து வலது கோட்டுக்கு வெளியே தள்ளிவிட்டால் முடிந்தது. ஆயிரம் தடவை செய்த வேலை. கீப்பர் மூன்று எட்டு வெளியே வந்தவன் நான் இருப்பதைப் பார்த்துவிட்டு நின்றான். அதையும் ஓரக்கண்ணால் பார்த்தேன்.

அப்போது தகரத்தில் ஒரு தட்டு கேட்டது. ஒன்றுதான்.

நின்றுவிட்டேன். ஒரு கால் தூக்கினபடி. கால் கீழே வருவதற்குள் ஃபார்வர்ட் என் தோளை உரசிக்கொண்டு போய்விட்டார். பந்து எனக்கு என்று சொன்னவன் ஏன் வரவில்லை என்று நான் பார்க்கிறேன். நீ ஏன் நின்றாய் என்று அவன் பார்க்கிறான். அந்த ஒரு பார்வைக்குள் நேரம் போய்விட்டது. அவன் பாய்ந்து வந்து காலை நீட்டிச் சறுக்கினான். ஃபார்வர்ட் ஸ்டிக்கால் தொட்டுவிட்டு நிற்க முடியாமல் அவன் முழங்காலின் மேலேயே விழுந்தார். பந்து அவசரமே இல்லாமல் உருண்டு கோலுக்குள் போய்த் தகரத்தில் இடித்தது. அதே சத்தம்.

"இன்னாத்துக்குடா நின்ன!" என்று கீப்பர் கத்தினான். அதற்கப்புறம் வலியில் கத்தினது வார்த்தையில்லை.

மேனேஜர் ஓடிவந்தார். அவர் நல்லவர் இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த நிமிஷத்தில் நல்லவராகத்தான் இருந்தார். அவனைத் தூக்கும்போது, "செலவப் பத்தி யோசிக்காத மேன். பாதி டீம் போடும். நான் சொல்றேன்" என்றார். ஏழெட்டுப் பேருக்குக் கேட்கும்படி சொன்னார்.

மறுநாள் பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரி வராந்தா. முழங்காலுக்குள் நார் அறுந்துவிட்டது, ஆபரேஷன், ஒரு லட்சத்து இருபதாயிரம் ஆகும் என்றார்கள். பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் அவன் படுத்திருந்தான், பக்கத்தில் அவன் மனைவி. திரைக்கு இந்தப் பக்கம் மேனேஜரும் நானும். அவர் தோற்ற ஆத்திரத்தில் இருந்தார்.

"ஏன் மேன் நின்னே? கால்ல ஆணி அடிச்சிட்டாங்களா?"

"கீப்பர் தட்டினான் சார்."

"இன்னா தட்டினான்?"

"ஒரு தட்டு சார். ஒரு தட்டுன்னா நான் தொடக் கூடாது. அவன் பால் அது."

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவன் குரல் வந்தது. கோபமில்லை. தூக்க மருந்தில் குழறிக்கொண்டு, "நான் தட்டலடா" என்றான்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஒருவேளை அவன் தட்டவில்லையோ என்று அந்த நிமிஷமே எனக்குத் தோன்றியது. அவன் வெளியே வந்து நின்றதை நான்தானே பார்த்தேன். மூன்று எட்டு தள்ளி நிற்கிறவனுக்குத் தகரம் எட்டாது. இது எனக்குத் தெரியும். ஆனால் தட்டு கேட்டதும் நிஜம். நான் காரணமில்லாமல் நின்றேன் என்று ஆகிவிட்டால் இனி எனக்கு எவன் போன் பண்ணுவான்? அதையும் யோசித்தேன். அதை யோசித்தேன் என்பதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் எழுதிப் பயனில்லை.

மேனேஜர் சிரித்தார். "ராங் கால் குடுத்தான், கால் போச்சு. இதுக்கு டீம் இன்னா பண்ணும்?" என்றார். சட்டைப் பையிலிருந்து ஐயாயிரம் எடுத்து என் கையில் வைத்து, "அந்தப் பொண்ணு கிட்ட குடு" என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியில் இறங்கிப் போனார். பாதி என்றது அறுபதாயிரம். வந்தது ஐந்து. மிச்சத்துக்கு அவன் மனைவி தாலியைத் தவிர எல்லாவற்றையும் அடகு வைத்தார்.

டிரயல் போயிற்று. முழங்கால் முழுதாக மடங்கவே இல்லை. இப்போது பெங்களூரில் ஒரு பெரிய துணிக்கடையில் கண்ணாடிக் கதவைத் திறந்து மூடுகிற வேலை. பத்து மணி நேரம் நிற்க வேண்டும். உட்கார ஸ்டூல் கேட்டானாம், கஸ்டமர் முன்னால் நன்றாக இருக்காது என்றார்களாம். "கோல் கீப்பருக்கு டோர் கீப்பர் ப்ரமோஷன்" என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

எனக்கு அதற்கப்புறம் ஆட்டம் கெட்டுப்போனது. எந்த மைதானத்திலும், எந்தக் கீப்பர் பின்னால் நின்றாலும், சின்னச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தேன். திரும்பிப் பார்க்கிற பேக்கைத் தாண்டிப் போவது சுலபம். கோவில்பட்டியில் பக்கத்துத் தெருவில் யாரோ கதவுக்கு ஆணி அடித்தார்கள், நான் பந்தை விட்டுவிட்டேன். போன்கள் குறைந்தன. முன்பு மாதம் இரண்டு டோர்னமென்ட், பிறகு ஒன்று, பிறகு பொங்கல் மேட்ச் மட்டும். ஆட்டம் இல்லாத நாட்களிலும் அந்தச் சத்தம் விடவில்லை. மேல்வீட்டில் மாவு டப்பாவை வைத்தால் சாப்பிட எடுத்த கை வாய்க்குப் பாதியில் நிற்கும். ரோட்டில் நடக்கும்போது லாரியின் பின்கதவு இடித்தால் நின்றுவிடுவேன். பின்னால் வருகிறவர்கள் என் மேல் மோதித் திட்டிக்கொண்டு போவார்கள். என் மனைவி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் காதைப் பார்த்துவிட்டு, காது அருமையாகக் கேட்கிறது என்றார்.

கேட்க ஆரம்பித்தது இப்படித்தான். யாராவது ஒருவர், ஆமாம், அவன் தட்டினான், எனக்கும் கேட்டது என்று சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது.

முதலில் அந்த கோயம்புத்தூர் ஃபார்வர்ட். அடுத்த வருஷம் ஒரு டோர்னமென்ட் சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் தட்டோடு நின்றார். கேட்டேன். "சத்தமெல்லாம் தெரியலீங்க. நீங்க திடீர்னு நின்னதப் பாத்து நான்தான் பயந்தேன். விசில் ஊதிட்டாங்களோன்னு நானும் நிக்கப் போனனுங்க. அப்புறம் பந்து சும்மா கெடக்குதேன்னு போனேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த கீப்பர் எப்படி இருக்காருங்க?" என்றார். நன்றாக இருக்கிறான் என்று பொய் சொன்னேன். அவர் தன் தட்டிலிருந்த முட்டையை எடுத்து என் தட்டில் வைத்தார். எதற்கு என்று இன்றைக்கும் புரியவில்லை.

பங்காருப்பேட்டைப் பையன் இப்போது செல்போன் கடை வைத்திருக்கிறான். "அண்ணா, எனக்கு அப்போ மூச்சு வாங்கிக்கினு இருந்துச்சு. என் மூச்சுதான் எனக்குக் கேட்டுச்சு" என்றான். அம்பயர் கன்னடக்காரர், பூதிகோட்டையில் நிலம் பார்த்துக்கொண்டு இருக்கிறார். பஸ் ஏறிப் போனேன். தக்காளிச் செடிக்கு நடுவில் நின்று, வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு, தன் விசிலைத் தவிர மைதானத்தில் வேறு எதுவும் தன் காதில் ஏறாது என்றார். "ஹோக்லி பிடு", போனால் போகட்டும் விடு என்று முதுகில் தட்டி, ஒரு பை தக்காளி கொடுத்து அனுப்பினார். மேனேஜரை ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். "இன்னும் அதையே புடிச்சிக்கினு கீறியா? நீதானே சொன்ன அவன் தட்டினான்னு? அப்போ உனக்கே சந்தேகமா?" என்றார். பந்தியில் உட்கார்ந்தும் சாப்பிட முடியவில்லை.

டீ விற்ற அக்காவைத் தேடாமல் விட்டிருந்தேன். அவர் ஆட்டமே பார்க்கிறவர் இல்லை, டீயைத்தான் பார்ப்பார். போன வருஷம் மாரிகுப்பம் ஸ்டேஷனுக்கு வெளியே இட்லிக்கடை போட்டிருந்தார். சாப்பிட்டுக்கொண்டே, பேச்சு வாக்கில்தான் கேட்டேன்.

"அன்னிக்கா? எனக்கு நல்லா ஞாபகம் கீது கண்ணு. தட்டுல கவுத்து வெச்ச டம்ளருங்க எல்லாம் ஒரு தபா குலுங்குச்சு."

"எப்போக்கா?"

"அந்தப் புள்ள வுழறதுக்கு மின்னாடி. ஏர் பிளாஸ்ட்டுன்னு நெனச்சேன். ஒரே ஒரு தபாதான். அப்பால எல்லாம் ஓடினாங்களா, நானும் ஓடினேன்."

"ஏன்க்கா யார்கிட்டயும் சொல்லல?"

"டம்ளர் குலுங்கினதப் போய் யார்கிட்ட சொல்றது? நீ இப்போ கேட்ட, சொன்னேன். இன்னும் ரெண்டு இட்லி வெக்கவா?"

சுரங்கம் மூடி இத்தனை வருஷம் ஆகியும், கீழே வெட்டின வெற்றிடத்தில் எங்காவது பாறை உடைந்து சரியும். மேலே ஒரு உலுக்கல் வரும், அதைத்தான் ஏர் பிளாஸ்ட் என்போம். பாத்திரம் ஆடும், நாய் குரைக்கும், அவ்வளவுதான். எங்கள் ஊரில் அதற்கு யாரும் தலையைக்கூடத் திருப்ப மாட்டார்கள். அன்றைக்கு அது தகரத்தை ஒரு தடவை ஆட்டியிருக்கிறது. வேறு ஊரில் பிறந்த எந்த பேக்கும் அந்தச் சத்தத்துக்கு நின்றிருக்க மாட்டான். வேறு ஊரில் அந்தச் சத்தமே வந்திருக்காது.

அப்படியானால் அவன் தட்டவில்லை. திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவன் சொன்னதுதான் உண்மை. நான் சொன்னது பொய். என் பொய்யை வைத்துத்தான் மேனேஜர் அன்றைக்குப் படியில் இறங்கிப் போனார்.

அவனிடம் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்ய ஒரு நிமிஷம் ஆயிற்று. சொல்ல எட்டு மாதம் ஆயிற்று.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே ரயிலில்தான் பெங்களூர் போகிறோம். நான் அங்கே ஒரு குடோனில் பெட்டி அடுக்குகிறேன். மாரிகுப்பத்தில் ஏறி, ஜன்னலோரம் ஒரு சீட்டில் என் சாப்பாட்டுப் பையை வைத்துப் பிடித்துவைப்பேன். அவன் கோரமண்டலில் ஏறுவான். ஜன்னலோரம் இருந்தால்தான் அவன் காலை நீட்ட முடியும். மாதச் சம்பளம் வந்த மறுநாள் அவனிடம் முடிந்ததைக் கொடுப்பேன், ஐந்நூறோ ஆயிரமோ. வீட்டு வாடகை, பெண்ணின் படிப்பு என்று சில மாதம் ஒன்றுமே முடியாது. முதல் தடவை, டீம் ஆட்கள் வசூல் பண்ணியது என்றேன். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அவனும் எதற்கு என்று கேட்கவில்லை. வாங்கிப் பையில் வைத்துக்கொள்வான், எண்ண மாட்டான்.

அவனிடம் சொன்ன அன்றைக்கு என்னிடம் இரண்டாயிரம் இருந்தது. எதிர் சீட்டில் சீட்டாடுகிறவர்கள் தினமும் போல மடியில் துண்டு விரித்திருந்தார்கள். அவன் ஏறினதும் அதில் ஒருவர், "கோலி வந்தாச்சு, கதவச் சாத்துங்கப்பா" என்றார். "உன் வாயச் சாத்துறேன் இரு" என்று இவன் உட்கார்ந்து, காலைக் கையால் தூக்கி நீட்டி வைத்தான். ரயில் கிளம்பினது. பங்காருப்பேட்டை வருவதற்குள் சொல்லிவிட வேண்டும், அங்கே கூட்டம் ஏறும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

"மச்சான், அந்த மேட்ச்..."

"எந்த மேட்ச்?"

"உன் கால்."

"காலங்காத்தால ஆரம்பிச்சியா?"

"நீ தட்டல மச்சான். அந்த டீக்கடை அக்கா சொன்னாங்க. டம்ளர் குலுங்கிச்சாம். ஏர் பிளாஸ்ட். தகரம் தானா ஆடிச்சு. நான் நீதான்னு நெனச்சுக்கினு நின்னுட்டேன். அப்பால மேனேஜர் கேட்டப்போ..."

"நான்தான் தட்டினேன்."

"இன்னா?"

"நான்தான்டா தட்டினேன். நான் எடுத்துருவேன்னு நெனச்சேன். எடுக்கல. முடிஞ்சிது."

"அன்னிக்கு இல்லன்னியே. திரைக்குள்ளேர்ந்து சொன்னியே."

"ஊசி போட்டு வெச்சிருந்தான். அப்போ நான் இந்திரன் சந்திரன்னுகூட சொல்லியிருப்பேன்."

"எதுல தட்டின?"

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். "போஸ்ட்ல" என்றான்.

போஸ்ட் இரும்புக் குழாய். தட்டினால் ணங் என்று கேட்டுச் சற்று நேரம் நிற்கும். நான் கேட்டது தகரம். சேர்ந்து ஆடின அத்தனை வருஷத்தில் அவன் போஸ்ட்டில் தட்டினதே இல்லை. மூன்று எட்டு வெளியே நின்றவனுக்கு அதுவும் எட்டாது. அவனுக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும்.

"மச்சான்..."

"இங்க பாரு மேன். பதினோரு வருஷமா எழவு வூட்டுக்கு வந்தவன் மாதிரி பக்கத்துல குந்திக்கினு கீற. காலையில உன் மூஞ்சியப் பாத்துட்டுப் போய் நாள் பூரா நின்னுக்கினு இருக்கணும் நான். கால் வலிகூடத் தாங்கிடலாம்டா. தட்டினேன்னு சொல்றேன். எழுதி வேணா தரவா?"

சீட்டாடுகிறவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் பணத்தை எடுத்து நீட்டினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

"உள்ள வெய்யி."

"உன் வீட்ல குடுத்துர்றேன், தங்கச்சி கிட்ட."

"அவ கிட்டயும் சொல்லிட்டேன். இனி வாங்க மாட்டா. உன் பொண்ணுக்கு ஃபீஸ் கட்டு. நான் தட்டினதுக்கு நீ எதுக்குடா காசு குடுக்கணும்?"

பங்காருப்பேட்டை வந்தது. கூட்டம் ஏறினது. யாரோ அவன் நீட்டின காலில் இடித்துவிட்டு, சாரி அங்கிள் என்றார்கள். அதற்குமேல் பேச இடமில்லை.

நல்ல மனசில் சொன்னான். தெரியும். இத்தனை வருஷம் யாராவது ஒருவர் சொல்ல மாட்டாரா என்று நான் அலைந்த அதே வார்த்தையை அவனே சொல்லிவிட்டான். நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்று அவன் மேல் போட்டதை, அவன் எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு, இது என்னுடையதுதான் என்கிறான். முன்பு அது என் பொய் மட்டும். இப்போது அவனையும் பொய் சொல்ல வைத்துவிட்டேன். அன்றைக்கு குடோனில் ஒரு பெட்டி விழுந்து சத்தம் கேட்டபோது நான் நின்றுவிடவில்லை என்று எழுத ஆசைதான். நின்றேன். சூப்பர்வைசர் திட்டினார்.

மறுநாளும் சீட் பிடித்தேன். ஏறினான், உட்கார்ந்தான், காலை நீட்டினான், எதிரில் ஆடுகிறவரின் கைச்சீட்டை எட்டிப் பார்த்து, "அத எறக்காதே" என்று ஆட்டத்தைக் கெடுத்துவிட்டான். நான் பிடித்துவைக்கிற இடத்தை வாங்கிக்கொள்கிறான். பணத்தைத்தான் வாங்குவதில்லை. மூன்று மாதமாகிறது. மாதா மாதம் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவருகிறேன்.

அவன் தட்டினான் என்றால் கணக்கே இல்லை. தட்டவில்லை என்றால் என் ஒரு வாக்கியத்தால் வராமல் போன பணம் ஐம்பத்தைந்தாயிரம். நான் இதுவரை கொடுத்தது முப்பத்தாறாயிரத்து ஐந்நூறு. அவன் தட்டவில்லை. பாக்கி பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.